பிரிண்டர் ஏன் அச்சிடவில்லை? அச்சு, நெட்வொர்க் சொற்களைப் புரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

பிரிண்டர் வேலை செய்யாதபோது கணினி காட்டும் செய்தி பெரும்பாலும் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும். ‘ஆஃப்லைன்’ என்று வரும், ‘டிரைவர் அன்அவைலபிள்’ என்று வரும், சில நேரம் வெறும் ‘எரர்’ என்று மட்டும் வரும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் ஏற்பட்ட தடங்கலைக் குறிக்கின்றன. அந்த வேறுபாடு தெரியாதவர் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியமாகப் பிரிண்டரை அணைத்துப் போடுகிறார், கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறார், கடைசியில் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுகிறார். அதனால் சில நேரம் சரியாகிவிடுகிறது என்றாலும், எது சரியாயிற்று என்பது தெரியாமலே போகிறது, அடுத்த வாரம் அதே தொல்லை திரும்பி வருகிறது.

ஒரு பக்கம் திரையிலிருந்து தாளுக்குப் போய்ச் சேரும் பாதை நேரானது. செயலியில் தொடங்கி, டிரைவர், ஸ்பூலர், போர்ட், நெட்வொர்க் ஆகியவற்றைக் கடந்து பிரிண்டருக்குள் நுழைகிறது. அச்சிடுதல் தொடர்பாக நாம் கேள்விப்படும் சொற்களில் பெரும்பாலானவை இந்தப் பாதையின் ஏதோ ஒரு கட்டத்துக்கு உரியவை. ஆகவே ஒரு சொல்லின் பொருளோடு, அது பாதையின் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதையும் தெரிந்துகொள்வதுதான் உண்மையில் பயன் தரும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் ஒரு சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன், கணினியைத் தொடாமல், பிரிண்டரின் சொந்தப் பொத்தான்களையோ அதன் திரையில் உள்ள பட்டியலையோ கொண்டு ஒரு ‘கான்ஃபிகரேஷன் பேஜ்’ அல்லது ‘நெட்வொர்க் ரிப்போர்ட்’ அச்சிட்டுப் பாருங்கள். திரை இல்லாத சிறிய பிரிண்டர்களில் ஒரு குறிப்பிட்ட பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் இந்தப் பக்கம் வரும். எந்தப் பொத்தான் என்பது அந்த மாடலின் கையேட்டில் இருக்கும்.

இந்தப் பக்கம் ஒழுங்காக வந்துவிட்டால் தாள், டோனர் அல்லது மை, உள்ளே சுழலும் உருளைகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள். குறை கணினியிலோ இடையில் உள்ள இணைப்பிலோதான் இருக்க வேண்டும். பக்கம் வராவிட்டால் கணினியில் எத்தனை முறை டிரைவரை நிறுவினாலும் பயனில்லை. அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரிண்டரின் ஐபி முகவரி, மேக் முகவரி, ஃபர்ம்வேர் பதிப்பு, இதுவரை அச்சிட்ட பக்கங்களின் எண்ணிக்கை போன்ற விவரங்கள் பெரும்பாலும் அதில் இருக்கும். பின்னால் வரும் விளக்கங்களில் அவை தேவைப்படும்.

கணினிக்குள் நடப்பது: டிரைவரும் ஸ்பூலரும்

அச்சிடும்படி செயலியிடம் சொன்னவுடன் முதலில் வேலைக்கு வருவது டிரைவர். ஆவணத்தில் உள்ள எழுத்துகள், கோடுகள், படங்கள் ஆகியவற்றை அந்தப் பிரிண்டர் புரிந்துகொள்ளும் மொழியில் எழுதித் தருவது இதன் வேலை. அத்தகைய மொழிகளில் இரண்டு புகழ்பெற்றவை. ஒன்று அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட். மறு ஆண்டே ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டரில் அது இடம்பெற்று, மேசைக் கணினியிலேயே பக்கங்களை வடிவமைக்கும் முறைக்கு வழிவகுத்தது. மற்றொன்று எச்பி நிறுவனம் உருவாக்கிய பிசிஎல். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றில் இந்த இரண்டு மொழிகளுமே இருப்பதில்லை. பக்கம் முழுவதையும் புள்ளிகளாக மாற்றும் கடினமான வேலையைக் கணினியே செய்து, ஆயத்தமான புள்ளிகளை மட்டும் பிரிண்டருக்கு அனுப்பும். அவற்றுக்கு அந்த மாடலுக்கென்று எழுதப்பட்ட டிரைவர்தான் வேண்டும், வேறு எதுவும் ஒத்துவராது.

தவறான டிரைவர் நிறுவப்பட்டிருப்பதை அடையாளம் காண்பது எளிது. ஒரு பக்கக் கடிதத்தை அச்சிடக் கொடுத்தால், பக்கம் பக்கமாகக் குறியீடுகளும் பொருளற்ற எழுத்துகளும் வந்துகொண்டே இருக்கும். முதல் வரியில் விழுக்காட்டுக் குறி, ஆச்சரியக்குறி, அதையடுத்து ‘பிஎஸ்-அடோபி’ என்ற எழுத்துகள் தெரிந்தால், போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட கட்டளைகளை அந்த மொழி தெரியாத பிரிண்டர் வெறும் உரையாக எண்ணி அப்படியே அச்சிடுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். உடனே தாளை உருவிவிட்டு, வேலையை ரத்து செய்து, அந்த மாடலுக்குரிய டிரைவரைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து எடுத்து நிறுவுங்கள். டிரைவர்களைத் தேடித் தருவதாகச் சொல்லும் மூன்றாம் தரப்புத் தளங்களை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்; தேவையற்ற மென்பொருள்களும் சில நேரம் தீங்கு செய்யும் நிரல்களும் கணினிக்குள் நுழைவது அந்த வழியாகத்தான்.

டிரைவர் எழுதித் தந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, பிரிண்டர் தயாராகும்போது ஒவ்வொன்றாக அனுப்புவது ஸ்பூலர். அச்சிடக் கொடுத்த ஒவ்வோர் ஆவணமும் ஒரு ‘ஜாப்’. அவை காத்திருக்கும் வரிசை ‘பிரிண்ட் கியூ’. பிரிண்டர் மெதுவாக இயங்கினாலும் நீங்கள் அடுத்த வேலையைப் பார்க்க முடிவது ஸ்பூலர் இருப்பதால்தான். ஆனால் வரிசையின் முன்னால் நிற்கும் ஜாப் ஒன்று சிக்கிக்கொண்டால் பின்னால் உள்ளவை எல்லாம் நின்றுவிடும். ரத்து செய்யச் சொன்ன பிறகும் ‘டெலீட்டிங்’ என்று காட்டியபடி அது போகாமல் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

விண்டோஸில் இதற்கு உறுதியான வழி உண்டு. தேடல் பெட்டியில் ‘சர்வீசஸ்’ என்று தேடித் திறந்து, பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதைக் கண்டுபிடித்து, அதை நிறுத்துங்கள். பிறகு விண்டோஸ் கோப்புறையில் உள்ள ‘சிஸ்டம்32’, அதனுள் ‘ஸ்பூல்’, அதனுள் ‘பிரிண்டர்ஸ்’ என்ற கோப்புறையைத் திறந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு ஜாபுக்கும் எஸ்பிஎல், எஸ்எச்டி என்று முடியும் இரண்டு கோப்புகள் கிடக்கும். முன்னது அச்சிட வேண்டிய தரவு, பின்னது அதன் அமைப்புகள். அந்தக் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, கோப்புறையை விட்டுவைத்து, ஸ்பூலரை மீண்டும் தொடங்குங்கள். நிறுத்தாமல் அழிக்க முயன்றால் கோப்பு பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி விண்டோஸ் மறுத்துவிடும். அழிக்காமல் வெறுமனே நிறுத்தித் தொடங்கினால் சிக்கிய ஜாப் அப்படியே திரும்ப வந்து நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும். மேக் கணினிகளிலும் லினக்ஸிலும் இந்தப் பொறுப்பு கப்ஸ் என்னும் அமைப்பிடம் உள்ளது.

இதே கட்டத்தில் மூன்று சிறிய விஷயங்கள் அடிக்கடி ஏமாற்றும். வரிசைச் சாளரத்தில் ‘பாஸ்’ என்பதோ ‘யூஸ் பிரிண்டர் ஆஃப்லைன்’ என்பதோ தெரியாமல் தேர்வாகியிருந்தால் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு தாள்கூட வராது. ‘டிஃபால்ட் பிரிண்டர்’ என்பது, வேறு பிரிண்டரைத் தேர்ந்தெடுக்காதபோது ஜாப் தானாகப் போகும் இடம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் இதைக் கணினியே தீர்மானிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கடைசியாக எதில் அச்சிட்டீர்களோ அதுவே டிஃபால்ட்டாக மாறிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட பிரிண்டர் உள்ள இடத்தில் அந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது. மூன்றாவது, ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’. இது தாளுக்குப் பதிலாகக் கோப்பு தரும் மெய்நிகர் பிரிண்டர். குறை ஆவணத்தில் இருக்கிறதா, பிரிண்டரில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க இதைவிட எளிய கருவி இல்லை: பிடிஎஃப் கோப்பிலும் வரி வெட்டுப்பட்டிருந்தால் பிரிண்டரைக் குறை சொல்ல வழியில்லை.

தமிழ் ஆவணங்களைப் பொறுத்தவரை இந்த பிடிஎஃப் இன்னொரு வகையிலும் கைகொடுக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத வேறொரு கணினியில் திறந்து அச்சிட்டால், தமிழுக்குப் பதில் தொடர்பற்ற ஆங்கில எழுத்துகள்தான் வரும். கோப்பு உருவான கணினியிலேயே, எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆக மாற்றி எடுத்துச் சென்றால் எங்கே அச்சிட்டாலும் எழுத்து மாறாது.

போர்ட்: ‘ஆஃப்லைன்’ பிறக்கும் இடம்

ஸ்பூலரிலிருந்து ஜாப் வெளியே போகும் வாசல்தான் போர்ட். பிரிண்டரின் ‘பிராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘போர்ட்ஸ்’ என்ற பகுதியைத் திறந்தால், நீண்ட பட்டியலில் ஒன்றுக்கு எதிரே மட்டும் குறியிடப்பட்டிருக்கும். ‘யுஎஸ்பி001’ என்றால் கேபிள் வழி இணைப்பு. ஐபி முகவரி ஒன்று தெரிந்தால் அது டிசிபி/ஐபி போர்ட். ‘டபிள்யூஎஸ்டி’ என்று இருந்தால், விண்டோஸ் தானாகவே நெட்வொர்க்கில் தேடிக் கண்டுபிடித்து இணைத்துக்கொண்டது. இந்தக் கடைசி வகை நிறுவுவதற்கு எளிது, ஆனால் பிரிண்டர் உறக்க நிலைக்குப் போய் வந்த பிறகு தொடர்பு அறுந்து ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும் வழக்கம் அதற்கு உண்டு. தினமும் பயன்படுத்தும் பிரிண்டருக்கு டிசிபி/ஐபி போர்ட்டை நாமே அமைத்துக்கொள்வதையே நான் விரும்புவேன்.

‘ஆஃப்லைன்’ என்ற செய்தி வந்தால், கையில் உள்ள கான்ஃபிகரேஷன் பக்கத்தையும் இந்தப் போர்ட் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர்ட்டில் 192.168.1.23 என்று இருக்கிறது, தாளிலோ 192.168.1.31 என்று அச்சாகியிருக்கிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. கணினி பழைய முகவரியில் பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கிறது. பிரிண்டர் அங்கே இல்லை. போர்ட்டில் புதிய முகவரியைச் சேர்த்துவிட்டால் போதும், டிரைவரைத் தொடவே தேவையில்லை.

முகவரிகள் பொருந்தியிருந்தும் ‘ஆஃப்லைன்’ மறையவில்லை என்றால், அதே போர்ட் அமைப்புகளில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ என்ற தேர்வைப் பாருங்கள். தாள் இருக்கிறதா, டோனர் தீர்ந்ததா என்று பிரிண்டரிடம் நிலவரம் கேட்கும் முறை இது. பிரிண்டர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாவிட்டால், அச்சிடும் நிலையில் இருந்தாலும் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்றே முடிவுகட்டிவிடும். தேர்வை நீக்கினால் பல நேரங்களில் பிரிண்டர் உடனே வேலை செய்யத் தொடங்குகிறது.

நெட்வொர்க்: முகவரிகளும் வழிகளும்

ஐபி முகவரி என்பது நெட்வொர்க்கில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் உரிய எண். பரவலாக வழங்கும் ஐபிவி4 முறையில் இது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக இருக்கும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. வீடு, அலுவலகம் போன்ற உள் நெட்வொர்க்குகளுக்கென 10இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168இல் தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. உங்கள் பிரிண்டரின் எண் பெரும்பாலும் இவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.

அதனுடன் அச்சாகும் ‘சப்நெட் மாஸ்க்’, முகவரியின் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது, எந்தப் பகுதி கருவியைக் குறிக்கிறது என்று பிரித்துக் காட்டுகிறது. 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் நெட்வொர்க்குக்கும் கடைசி எண் கருவிக்கும் உரியவை. ஆகவே கணினி 192.168.1.10 ஆகவும் பிரிண்டர் 192.168.0.15 ஆகவும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு நெட்வொர்க்கில் உள்ளன. சிக்னல் போதவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி இணைத்த இடங்களில் இப்படி ஆகிவிடுவதுண்டு. இரண்டாவது ரவுட்டரை ‘அக்சஸ் பாயின்ட்’ நிலைக்கு மாற்றினால் எல்லாக் கருவிகளும் ஒரே நெட்வொர்க்குக்குள் வந்துவிடும். ‘கேட்வே’ என்பது வெளி உலகுக்குச் செல்லும் வழி, பெரும்பாலும் ரவுட்டரின் முகவரி. உள்ளுக்குள் அச்சிடுவதற்கு அது தேவைப்படுவதில்லை.

முகவரிகளைப் பங்கிட்டுத் தருவது டிஎச்சிபி. கருவி நெட்வொர்க்கில் சேரும்போது ரவுட்டர் அதற்கு ஒரு முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்குகிறது. அந்தக் காலம் முடிந்தோ, பிரிண்டர் நெடுநேரம் அணைந்திருந்தோ, ரவுட்டர் மாற்றப்பட்டோ போனால் அடுத்த முறை வேறு எண் கிடைக்கலாம். முந்தைய பகுதியில் 23 ஆக இருந்தது 31 ஆனது இதனால்தான். இதைத் தடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பிரிண்டரிலேயே ஒரு முகவரியை எழுதிப் பதித்துவிடுவது. இதை ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்பார்கள். மற்றொன்று, ரவுட்டரின் அமைப்புகளில் இந்தப் பிரிண்டருக்கு எப்போதும் இந்த எண்ணையே கொடு என்று சொல்லிவைப்பது. இது ‘டிஎச்சிபி ரிசர்வேஷன்’. முதல் வழியில், நாம் பதித்த எண்ணையே ரவுட்டர் இன்னொரு கைபேசிக்குக் கொடுத்துவிட்டால் இரண்டும் மோதும். ரவுட்டரை மாற்றும்போது பிரிண்டரைத் தேடிப் போய்த் திருத்தவும் வேண்டும். ரவுட்டரில் அந்த வசதி இருக்கும் வரை ரிசர்வேஷனே மேலானது. அதற்குத் தேவைப்படுவதுதான் மேக் முகவரி: கருவியின் நெட்வொர்க் பகுதிக்குத் தயாரிப்பின்போதே தரப்பட்ட, 12 பதினாறடிமான இலக்கங்கள் (0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் உள்ள குறிகள்) கொண்ட அடையாளம். ஆப்பிளின் மேக் கணினிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே பிரிண்டரில் வைஃபைக்கு ஒன்றும் ஈதர்நெட் கேபிளுக்கு ஒன்றும் எனத் தனித்தனி மேக் முகவரிகள் இருக்கும் என்பதைக் கவனித்து, நீங்கள் பயன்படுத்தும் இணைப்புக்கு உரியதையே ரவுட்டரில் பதியுங்கள்.

கான்ஃபிகரேஷன் பக்கத்தில் முகவரி 169.254 என்று தொடங்கினால் நின்று யோசியுங்கள். முகவரி கேட்டு யாரும் தராததால் கருவி தனக்குத் தானே சூட்டிக்கொண்ட எண் அது. பிரிண்டர் ரவுட்டரை அடையவே இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கேபிள் கழன்றிருக்கலாம், வைஃபை கடவுச்சொல் மாறியிருக்கலாம், ரவுட்டரின் டிஎச்சிபி வசதி அணைந்திருக்கலாம். கணினிப் பக்கம் தேடுவதை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள்.

இணைப்பு உள்ளதா என்று சோதிக்க ‘பிங்’ என்ற கட்டளை உதவும். கட்டளைச் சாளரத்தில் பிங் என்று தட்டி, இடைவெளி விட்டு, பிரிண்டரின் முகவரியைக் கொடுத்தால், பதில் வரும் நேரம் மில்லிநொடிகளில் தெரியும். பதில் வந்தால் நெட்வொர்க் பாதை திறந்திருக்கிறது. குறை பெரும்பாலும் போர்ட், டிரைவர், ஸ்பூலர் பக்கம். பதில் வராவிட்டால் பாதையே இல்லை என்று எண்ணலாம், ஆனால் பிங்குக்குப் பதில் தராதபடி அமைக்கப்பட்ட கருவிகளும் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்க்க, பிரவுசரின் முகவரிப் பட்டையில் பிரிண்டரின் ஐபி முகவரியைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலான நெட்வொர்க் பிரிண்டர்களுக்குள் ஒரு சிறிய இணையப் பக்கம் இருக்கிறது. அது திறந்தால் தொடர்பு உறுதி.

வைஃபையில் மட்டும் வரும் சிக்கல்கள்

‘எஸ்எஸ்ஐடி’ என்பது வைஃபை நெட்வொர்க்கின் பெயர். பிரிண்டரும் கணினியும் ஒரே பெயருள்ள நெட்வொர்க்கில் இருந்தாலே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது எப்போதும் போதாது. விருந்தினருக்கான ‘கெஸ்ட்’ நெட்வொர்க்கில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் பிரித்து வைத்திருக்கும். இணையம் நன்றாக வரும், பிரிண்டர் மட்டும் தெரியாது. அதேபோல அலுவலக விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால், கணினியின் போக்குவரத்து முழுவதும் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டு, பக்கத்து மேசையில் உள்ள பிரிண்டர்கூட எட்டாமல் போகலாம். கைபேசியில் வைஃபை அணைந்து மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருப்பதும் இதே வகைதான்.

புதிய ரவுட்டர் வாங்கிய மறுநாள் பிரிண்டர் நின்றுபோனால் அலைவரிசையைச் சந்தேகியுங்கள். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய அலைவரிசைகளில் இயங்குகிறது. விலை குறைந்த பிரிண்டர்களும் பழைய பிரிண்டர்களும் பெரும்பாலும் முன்னதை மட்டுமே அறியும். ரவுட்டரில் 2.4 அணைக்கப்பட்டிருந்தால் அவற்றின் கண்ணுக்கு நெட்வொர்க்கே தெரியாது. ‘டபிள்யூபிஏ3’ என்ற புதிய பாதுகாப்பு முறையை மட்டும் ஏற்கும்படி ரவுட்டர் அமைக்கப்பட்டிருந்தாலும் பழைய பிரிண்டர் சேர முடியாது. முந்தைய டபிள்யூபிஏ2 முறையும் இதுவும் கலந்த நிலைக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

‘டபிள்யூபிஎஸ்’ என்பது கடவுச்சொல் தட்டாமல் பொத்தானை அழுத்திச் சேர்க்கும் வசதி. ரவுட்டரில் அழுத்திய 2 நிமிடங்களுக்குள் பிரிண்டரிலும் அழுத்த வேண்டும். இதன் எட்டு இலக்க பின் எண் முறையில் உள்ள பலவீனம் 2011இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே பின் முறையை அணைத்து வைத்து, பொத்தான் முறையைத் தேவைப்படும்போது மட்டும் பயன்படுத்துங்கள். ‘வைஃபை டைரக்ட்’ என்பது வேறு: ரவுட்டரே இல்லாமல், பிரிண்டர் தானே ஒரு சிறு நெட்வொர்க்கை உருவாக்கி, கைபேசியை நேரடியாக இணைத்துக்கொள்கிறது. அதன் பெயர் ‘டைரக்ட்’ என்று தொடங்கும். அவசரத்துக்கு நல்லது, ஆனால் அதில் இணைந்திருக்கும் கணினிக்கு இணையம் கிடைக்காமல் போகக்கூடும்.

டிரைவர் இல்லாத அச்சு

கைபேசியிலிருந்து எந்த மென்பொருளும் நிறுவாமல் அச்சிட முடிவதற்குக் காரணம் ஐபிபி என்னும் நெறிமுறை. பிரிண்டரே தன்னால் என்னென்ன முடியும், எந்தத் தாள்கள் உள்ளன, வண்ணம் உண்டா என்று சொல்லிவிடுவதால் மாடலுக்கென்று தனி டிரைவர் தேவைப்படுவதில்லை. ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் இதன் மேல்தான் அமைந்துள்ளது. ஆண்ட்ராய்டு உலகில் 2013இல் தொடங்கப்பட்ட மோப்ரியா கூட்டமைப்பின் தரநிலை இதே வேலையைச் செய்கிறது. கூகுள் கிளவுட் பிரிண்ட் என்ற சேவை மட்டும் 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கையேடுகளில் அதன் பெயரைப் பார்த்தால் கடந்து செல்லுங்கள். தயாரிப்பாளர்கள் தனித்தனியாக எழுதும் டிரைவர்களைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2023இல் அறிவித்தது. ஆகவே புதிதாகப் பிரிண்டர் வாங்குபவர் பெட்டியின் மேல் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா குறி உள்ளதா என்று பார்த்து வாங்குவது, அந்தக் கருவியின் ஆயுளை நீட்டிக்கும் முடிவு.

நெட்வொர்க் நிர்வாகியோடு பேசும்போது மூன்று எண்கள் காதில் விழும். இவையும் ‘போர்ட்’ என்றே அழைக்கப்படும், ஆனால் பிரிண்டருக்குள் நுழையும் வாசல்களின் எண்கள். 9100 தரவை அப்படியே அனுப்பும் முறைக்கும், 515 பழைய எல்பிடி முறைக்கும், 631 ஐபிபிக்கும் உரியவை. நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வால் இவற்றில் தேவையானதை மறித்தால் பிங் வேலை செய்யும், அச்சு வராது.

பக்கத்தின் அமைப்புகள்

வீணாகும் தாள்களில் பெரும்பங்கு இந்தப் பகுதியைக் கவனிக்காததால்தான் வீணாகிறது. ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். வட அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாள் ஏறத்தாழ 216 × 279. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும், லெட்டர் அளவில் அமைத்த ஆவணத்தை ஏ4 தாள் உள்ள பிரிண்டருக்கு அனுப்பினால், ‘லோட் லெட்டர்’ என்று கேட்டுக்கொண்டு அது காத்து நிற்கும், அல்லது ஓரங்களை வெட்டிவிடும். அளவு மூன்று இடங்களில் ஒத்திருக்க வேண்டும்: ஆவணத்தின் பக்க அமைப்பில், டிரைவரின் அமைப்பில், பிரிண்டரின் டிரேயில். டிரேயில் தாளை மாற்றும்போது அதன் அளவைப் பிரிண்டரின் திரையிலும் சொல்ல வேண்டிய மாடல்கள் பல உள்ளன.

‘ஃபிட் டு பேஜ்’ தேர்வு பக்கத்தைச் சுருக்கியோ பெருக்கியோ தாளில் பொருத்தும். ‘ஆக்சுவல் சைஸ்’ உள்ள அளவிலேயே அச்சிடும். கடிதத்துக்கு முன்னது பரவாயில்லை. பார்கோடு, லேபிள், அளவுகோல் உள்ள வரைபடம் ஆகியவற்றுக்குப் பின்னதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சில விழுக்காடு சுருங்கிப் பயனற்றுப் போகும்.

‘டிபிஐ’ என்பது ஓர் அங்குலத்துக்குள் பிரிண்டர் வைக்கக்கூடிய புள்ளிகளின் எண்ணிக்கை. ‘பிபிஐ’ என்பது படத்தில் ஓர் அங்குலத்துக்கு வரும் பிக்சல்கள். எழுத்துகளுக்கு 600 டிபிஐ நன்றாகவே போதும். புகைப்படத்துக்கு 300 பிபிஐ என்று வைத்துக்கொண்டால், 6 × 4 அங்குலப் படத்துக்கு 1800 × 1200 பிக்சல்கள் வேண்டும். இணையப் பக்கத்திலிருந்து எடுத்த 600 பிக்சல் அகலமுள்ள படம் அந்தத் தரத்தில் 2 அங்குலம்தான் வரும். அதைத் தாள் முழுவதும் பரப்பினால் மங்கலாகத் தெரிவது பிரிண்டரின் குறையல்ல.

‘டூப்ளெக்ஸ்’ என்றால் இருபுற அச்சு. ‘லாங் எட்ஜ்’ தேர்ந்தெடுத்தால் புத்தகம்போலப் புரட்டலாம், ‘ஷார்ட் எட்ஜ்’ தேர்ந்தெடுத்தால் மேற்புறம் கட்டிய நாட்காட்டிபோலத் தூக்கிப் புரட்ட வேண்டும். ‘கொலேட்’ தேர்வானால் பல படிகள் எடுக்கும்போது ஒவ்வொரு படியும் முழுமையாக வரிசையில் வரும். தேர்வாகாவிட்டால் முதல் பக்கங்கள் எல்லாம் ஒன்றாக, இரண்டாம் பக்கங்கள் எல்லாம் ஒன்றாக வரும்.

தாளின் எடையைக் குறிக்கும் ‘ஜிஎஸ்எம்’, ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதைச் சொல்கிறது. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 5 கிராம் இருக்கும். இந்த எண் டிரைவரில் ‘பேப்பர் டைப்’ தேர்வோடு தொடர்புடையது. லேசர் பிரிண்டரில் டோனர் தூளை உருக்கித் தாளோடு ஒட்டவைப்பது ஃப்யூசர் என்னும் சூடான உருளை. தடித்த தாளை வைத்துவிட்டு ‘பிளெயின்’ என்று விட்டுவிட்டால் சூடு போதாமல், விரலால் தேய்த்ததும் எழுத்து உதிரும். தாள் வகையைத் தடித்தது என்று மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டோனர், டிரம் இரண்டும் ஒன்றல்ல. டோனர் தீரும் பொருள். டிரம் படத்தை ஏந்தும் உருளை, சில மாடல்களில் தனியாகவும் சிலவற்றில் டோனரோடு சேர்ந்தும் வரும். பக்கத்தில் ஒரே கறை சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், ஏதோ ஓர் உருளையில் கீறலோ அழுக்கோ இருக்கிறது. கறைகளுக்கு இடையிலான தூரம் அந்த உருளையின் சுற்றளவு. அந்தத் தூரத்தை அளந்து சர்வீஸ் கையேட்டில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் எந்த உருளை என்பது தெரிந்துவிடும். ‘பேஜ் யீல்ட்’ என்று பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, தாளில் ஏறத்தாழ 5 விழுக்காடு மட்டும் மை படியும் சோதனைப் பக்கத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. படங்கள் நிறைந்த பக்கங்களை அச்சிடுபவர் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது.

பிரிண்டரும் பாதுகாக்க வேண்டிய ஒரு கணினிதான்

பிரவுசரில் திறக்கும் பிரிண்டரின் நிர்வாகப் பக்கத்துக்குத் தயாரிப்பாளர் வைத்த பொதுக் கடவுச்சொல்லை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அந்தச் சொற்கள் கையேடுகளில் அச்சாகி எல்லோருக்கும் தெரிந்தவை. ஃபர்ம்வேர் என்பது பிரிண்டருக்குள் ஓடும் மென்பொருள். பாதுகாப்புத் திருத்தங்கள் அதன் புதிய பதிப்புகளில்தான் வருகின்றன. அதைப் புதுப்பித்தபின் சில பிரிண்டர்கள் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுக்கலாம் என்பதால், அப்படிப்பட்ட கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர் வெளியீட்டுக் குறிப்பைப் படித்த பிறகு முடிவெடுக்கட்டும். விண்டோஸ் ஸ்பூலரில் 2021இல் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெயரில் அறியப்பட்ட கடுமையான ஓட்டை கண்டறியப்பட்டது. கணினியின் புதுப்பிப்புகளை ஒத்திப்போடாமல் நிறுவுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம். வெளியிலிருந்து அச்சிட வசதியாக இருக்கும் என்று ரவுட்டரில் 9100ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவது, யார் வேண்டுமானாலும் உங்கள் பிரிண்டருக்குத் தரவு அனுப்பலாம் என்று அனுமதிப்பதாகும்; அதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள்.

பலர் பகிரும் பிரிண்டரில் சம்பளப் பட்டியல், மருத்துவ அறிக்கை போன்றவற்றை எடுக்க வேண்டியிருந்தால், டிரைவரில் ‘செக்யூர் பிரிண்ட்’ அல்லது ‘பின் பிரிண்ட்’ என்ற தேர்வைத் தேடுங்கள். ஜாப் பிரிண்டருக்குள் காத்திருக்கும். நீங்கள் அருகில் சென்று பின் எண்ணைத் தட்டிய பிறகுதான் தாள் வெளியே வரும். பெரிய அலுவலகப் பிரிண்டர்களுக்குள் ஹார்ட் டிஸ்க் இருப்பதால், ஸ்கேன் செய்தவையும் அச்சிட்டவையும் அதில் தங்கியிருக்க வாய்ப்புண்டு. பிரிண்டரை விற்கும்போதோ வாடகை முடிந்து திருப்பித் தரும்போதோ, நிர்வாகப் பக்கத்தில் உள்ள டிஸ்க் அழிப்பு வசதியை இயக்கி, பிறகு ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுங்கள். சிறிய வீட்டுப் பிரிண்டரிலும் இந்த ரீசெட் தேவைதான், ஏனெனில் உங்கள் வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அதற்குள் சேமிக்கப்பட்டிருக்கின்றன. முடிந்ததும் மீண்டும் ஒரு கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சிட்டு, எஸ்எஸ்ஐடி இருந்த இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கைமாற்றுங்கள்.